சோதனைப் பக்கம்

பம்பலப்பிட்டியில் வாங்கி
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பெட்டிக்குள் ரெஜிபோம்,
ரெஜிபோமுக்குள் பொலித்தீன்,
பொலித்தீனுக்குள் அது,
உடம்பெல்லாம் செம்மஞ்சள் ஒட்டுப்பட்டி.
பதினொன்று உரித்தேன்.
பன்னிரண்டாவது மூடிக்கு அடியில் இருந்ததை
அது கர்ரென்று கத்திய பிறகுதான் கண்டேன்.

எச்சரிக்கைத் துண்டு
இருபத்தாறு மொழிகளில்.
மையைக் குடிக்காதே என்று
எஸ்தோனியருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.
சிங்களம் இல்லை. தமிழும் இல்லை.
இந்த ஒரு விஷயத்தில்
நாங்கள் சரிசமம்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, விவாகரத்து, காணி உறுதி.
இத்தனை வருடமும் பென்டிரைவோடு
கீழே இர்ஃபான் கடைக்கு இறங்குவேன்,
பக்கம் இருபது ரூபா.
யாரோ ஒருவருடைய மரணத்தை
போட்டோக்கொப்பிக்கு நிற்கிற எல்லோரும்
என் தோளுக்கு மேலால் வாசிப்பார்கள்.
அதற்காகத்தான் இது.

நான்கு போத்தல் மை.
கறுப்பை ஊற்றும்போது கை நடுங்கவில்லை,
மஞ்சளில் நடுங்கியது.
நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

சீடி ஒன்று தந்தார்கள்.
அதை வாங்கிக்கொள்ள
என் கொம்பியூட்டருக்கு வாயில்லை.
இணையத்தில் இறக்கினேன்.
வெள்ளவத்தையில் மழை.
எண்பத்தேழு வீதத்தில் கரண்ட் போனது.
திரும்பவும் பூச்சியத்திலிருந்து.

கடைசியில் ஒரு பட்டியல் வந்து
தெரிவு செய் என்றது.
பெட்டியில் இருந்த அதே பெயர் முதலில் நின்றது.
செய்தேன்.

என்ன அடிப்பது?
யோசிக்காமல் தட்டினேன்:
கறுப்பு வருகிறதா?
சிவப்பு வருகிறதா?
இதை யாருக்காவது வாசிக்க முடிகிறதா?

அச்சாகிறது என்றது திரை.
பிரிண்டரோ
பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
தட்டை இழுத்தேன், தள்ளினேன்,
வயரைக் கழற்றிக் குத்தினேன்,
மூன்று மொழியிலும் திட்டினேன்,
மூலத்துக்கு விசுவாசமாக.

ஏழரைக்குக் கதவு மணி.
ஐந்தாம் மாடி திருமதி பின்னதூவ.
நான்கு வருடமாக லிஃப்டில்
தலையசைப்பு மட்டும்.
கையில் மூன்று தாள்,
எழுத்து உட்பக்கம் போகும்படி மடித்து.

அதே கடையாம், அதே மாதிரியாம்,
போன மாதம் வாங்கினதாம்.
யாரும் தொடாமல் இருட்டறையில்
தானாக விழித்து
இதைத் தந்ததாம்.
வோச்சரிடம் காட்ட நினைத்தாராம்.
பிறகு வேண்டாம் என்று நினைத்தாராம்.
பொலிஸ் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.
அது வரவேண்டிய இடத்தில்
கொஞ்சம் நின்றார்.

அனுப்பியவர் பெயரில்லாமல்
வீட்டுக்குள் வருகிற தாள் எப்படிப்பட்டதென்று
எங்கள் வயதுக்காரர் இரண்டு பேருக்கும் தெரியும்,
வேறு வேறு மொழிகளில்.

என்ன எழுதியிருக்கிறது, என்று சிங்களத்தில் கேட்டார்.
வாசலில் நின்றபடியே பெயர்த்துச் சொன்னேன்.
முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை,
கட்டணமும் இல்லை.
கறுப்பு வருகிறதா.
சிவப்பு வருகிறதா.
மூன்றாம் வரியைச் சொன்னதும்,
கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டதுபோல,
இல்லை, எனக்கு முடியவில்லை, என்றார்.
பிறகு தாளை விளக்குப் பக்கம் பிடித்து,
ஆனால் சிவப்பு நன்றாக வந்திருக்கிறது.

உள்ளே வந்து பட்டியலைப் பார்த்தோம்.
ஒரே பெயர் இரண்டு முறை,
கடைசி இரண்டு எண்கள் மட்டும் வேறு.
கீழே இருந்ததை அவரே அழுத்தினார்.
என்னுடையது இருமி, தாளைக் கடித்து,
மெல்லத் துப்பியது.
ழகரம் முழுசாக இருந்தது.
சிவப்பில் மட்டும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
முதல் நாள் அப்படித்தான், என்றார்,
இரண்டு தரம் கழுவ விடுங்கள்.

போகும்போது
அந்த மூன்று தாளையும் நீட்டினேன்:
உங்கள் மை, உங்கள் தாள்.
ஒன்றை எடுத்துக்கொண்டார்.
மற்ற இரண்டின் பின்பக்கம் வெறுமை.
தாள் விற்கிற விலைக்கு
எனக்கு வேண்டியிருந்தது.